பள்ளியைத் தேர்ந்தெடுப்பது யார்? லிபர்டேரியன்களும் மரபுவாதிகளும் பிரியும் இடம்

கேள்வி இது: "அமெரிக்காவில் லிபர்டேரியன்கள், கன்சர்வேட்டிவ்கள் என்று இரண்டு தரப்புமே பெற்றோரின் பள்ளித் தேர்வுரிமையை ஆதரிக்கிறார்கள். அப்படியானால் கல்வியில் இருவருக்கும் ஒரே கொள்கைதானா? சிங்கப்பூரில் இதற்கெல்லாம் இடம் உண்டா?" கேட்டவர் தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி. பொதுத்தாள் கட்டுரைக்குத் தயார் செய்கிறார். முப்பது ஆண்டு பொருளியல் நடத்திய பழக்கதோஷம், பதில் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கொள்கை இல்லை. லிபர்டேரியன் (தனிமனிதச் சுதந்திரமே முதல், அரசின் தலையீடு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பவர்) கேட்பது, "முடிவெடுப்பது யார்?" மரபுவாதி, அதாவது கன்சர்வேட்டிவ், கேட்பது, "பிள்ளைக்கு நாம் எதைக் கொடுத்துவிட்டுப் போகிறோம்?" முதல் கேள்விக்கு இருவருமே "பெற்றோர்தான்" என்கிறார்கள். அதனால்தான் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே ஆள்போலத் தெரிகிறார்கள். பெற்றோர் தாங்களாகவே எடுத்த முடிவு, கொடுத்துவிட்டுப் போக வேண்டிய ஒன்றை இல்லாமல் ஆக்கிவிட்டால்? அந்த இடத்தில் பிரிந்துவிடுகிறார்கள். அதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. நம் தமிழ்ப் பள்ளிகளைச் சொல்கிறேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

(ஒரு வார்த்தை: கன்சர்வேட்டிவை 'பழமைவாதி' என்று எழுதுவதுதான் நம் வழக்கம். தமிழில் அது பாதி வசவு. ஒருவருடைய வாதத்தைக் கேட்கும் முன்பே திட்டிவிடக் கூடாது என்பதால் 'மரபுவாதி' என்கிறேன்.)

முதலில் வவுச்சர், அதாவது பள்ளிச் செலவுக்காக அரசு பெற்றோரிடம் தரும் சீட்டு. நம் ஊரில் இதை விளக்குவது சுலபம், எல்லாருடைய கைப்பேசியிலும் வீட்டுச் செலவுக்கு அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டு இருக்கிறது. அரசாங்கம் பணம் தருகிறது, ஆனால் சோறு பொங்கிப் போடுவதில்லை. எந்தக் கடையில் சாப்பிடுவது என்பது உங்கள் விருப்பம். அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1955இல் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுதான். பள்ளிச் செலவை அரசு ஏற்பது ஒரு விஷயம், பள்ளியை அரசே நடத்துவது வேறு விஷயம், முதலாவதை ஒப்புக்கொண்டால் இரண்டாவதையும் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்பதில்லை என்றார் அவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு என்று பெற்றோரிடம் சீட்டைக் கொடுத்துவிடு. பள்ளிகளைப் பொறுத்தவரை அரசின் வேலை, உணவகம் சுத்தமாக இருக்கிறதா என்று அதிகாரி சோதித்துவிட்டுப் போவது போன்றதுதான். இந்த உணவக ஒப்புமை நான் கட்டியதல்ல, அவருடைய கட்டுரையிலேயே இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். சிடிசி பற்றுச்சீட்டிலும் நிபந்தனை உண்டு. பாதியைப் பேரங்காடியில் செலவழி, பாதியை உணவங்காடியிலும் வட்டாரக் கடைகளிலும் செலவழி என்கிறது. பணம் கொடுப்பவன் கொஞ்சமாவது தலையிடாமல் இருக்க மாட்டான். லிபர்டேரியன்களுக்குள்ளேயே சண்டை மூளும் இடம் இது. முர்ரே ராத்பார்ட் போன்ற தீவிரப் பிரிவினர் கட்டாயக் கல்வியே கூடாது என்றார்கள். அவர்கள் கண்ணில் வவுச்சர் ஒரு தூண்டில். இன்று தனியார் பள்ளி அரசுச் சீட்டை வாங்கினால், நாளை பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி, சேர்க்கை விதி என்று ஒவ்வொன்றாக உள்ளே வரும் என்பது அவர்களுடைய பயம். வெற்றுப் பயம் என்று தள்ளிவிட முடியாது. இன்னும் பின்னால் போனால் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் இருக்கிறார். பெற்றோர் பிள்ளையைப் படிக்க வைத்தே ஆக வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தலாம், ஏழைகளுக்குக் கட்டணத்தில் உதவலாம், ஆனால் எல்லாருக்கும் அரசே கல்வி கொடுத்தால் அது மக்களை ஒரே அச்சில் வார்க்கும் கருவியாகிவிடும் என்று 1859இலேயே எழுதிவிட்டார். சிங்கப்பூரில் படித்த நமக்கு அந்த 'ஒரே அச்சு' கொஞ்சம் உறைக்கும்.

மரபுவாதியின் பயணம் பொருளியலில் தொடங்கவில்லை, குடும்பத்தில் தொடங்குகிறது. பிள்ளை முதலில் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அது. ஒரிகன் மாநிலம் 1922இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்றது அது. குறி, கத்தோலிக்கப் பள்ளிகள்தான். வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக நின்றது. 1925இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிள்ளை அரசு உண்டாக்கிய வெறும் உயிர் அல்ல, அதை வளர்ப்பவர்களுக்கு உரிமையும் கடமையும் இருக்கிறது என்ற பொருளில் தீர்ப்பு சொன்னது. இன்றும் மரபுவாதிகள் சாய்ந்து நிற்கும் தூண் அதுதான். அந்தத் தூண் அன்று ஒரு சிறுபான்மையைக் காப்பாற்றியது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டு தரப்பும் கைகோத்தது 1990இல், மில்வாக்கி நகரின் வவுச்சர் திட்டத்தில். ஆனால் அந்தத் திட்டத்துக்காகப் போராடியவர் இரண்டு தரப்பிலும் சேராதவர். போலி வில்லியம்ஸ், கறுப்பினப் பெண், ஜனநாயகக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர். பணக்காரர்கள் நினைத்த பள்ளிக்குப் போகிறார்கள், என் தொகுதிப் பிள்ளைகள் மட்டும் ஏன் மோசமான பள்ளியில் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி. குடியரசுக் கட்சி ஆளுநர் டாமி தாம்சன் கையெழுத்துப் போட்டார். ஏழைக் குடும்பங்களுக்கு மட்டுமான சிறிய திட்டமாகத் தொடங்கியது. பிறகு வருமான வரம்பை உயர்த்தியபோது வில்லியம்ஸே எதிர்த்தார். அரசு பணத்தில் தனித்து இயங்கும் சார்ட்டர் பள்ளி யோசனைக்கும் இப்படி ஒரு விசித்திரப் பிறப்பு உண்டு. 1988இல் அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஆசிரியர் சங்கத் தலைவரான ஆல்பர்ட் ஷேங்கர். 1991இல் மின்னசோட்டா முதல் சட்டம் இயற்றியது. இன்று பல ஆசிரியர் சங்கங்களுக்கு அந்தப் பெயரே ஆகாது.

அப்புறம் விரிசல். மரபுவாதிகளில் ஒரு சாரார், பள்ளியில் என்ன சொல்லிக்கொடுப்பது என்பதை அரசைக் கொண்டே திருத்தப் பார்க்கிறார்கள். 2024இல் லூசியானா, ஒவ்வொரு அரசுப் பள்ளி வகுப்பறையிலும் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. ஒரு லிபர்டேரியனிடம் இதைக் காட்டினால் தலையில் கைவைத்துக்கொள்வார். எதை மாட்டுவது என்பது அவருக்குப் பிரச்சினை இல்லை. எல்லா வகுப்பறைக்கும் ஒரே உத்தரவு போடும் அதிகாரம் ஒருவர் கையில் இருப்பதுதான் பிரச்சினை. பள்ளிகளின் தரத்தை அளக்கும் தேர்வுகளிலும் இதே கதைதான். எந்தப் பிள்ளையையும் விட்டுவிடக் கூடாது என்ற பெயரில் ஜார்ஜ் புஷ் 2002இல் கையெழுத்திட்ட சட்டம் மத்திய அரசின் பிடியை இறுக்கியது. மரபுவாதிக் கட்சி என்று பெயர் எடுத்த கட்சியின் அதிபர் செய்தது அது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த கதை டெக்சஸ். ஆளுநர் கிரெக் ஆபட் வவுச்சரைக் கொண்டுவரத் துடித்தார். 2023 நவம்பரில் அவருடைய கட்சி உறுப்பினர்களே 21 பேர் எதிர்க்கட்சியோடு சேர்ந்து அதைத் தோற்கடித்தார்கள். அவர்களில் பலர் கிராமப்புறத் தொகுதிக்காரர்கள், இடதுசாரிகள் அல்ல, ஊரில் கோயிலுக்குத் தவறாமல் போகிற மாதிரியான ஆட்கள். அவர்கள் ஊரில் ஒரே ஒரு பள்ளி இருக்கும். ஊரிலேயே பெரிய வேலை தரும் இடம் அதுதான். வெள்ளிக்கிழமை இரவு காற்பந்து பார்க்க ஊரே கூடுவதும் அங்கேதான். சீட்டைக் கையில் கொடுத்து 'தேர்ந்தெடு' என்றால், தேர்ந்தெடுக்க இன்னொரு பள்ளி அந்த ஊரில் இல்லை, இருக்கிற பள்ளிக்கு வரும் பணம்தான் குறையும். எதிர்த்தவர்களில் சிலர் அடுத்த ஆண்டு உட்கட்சித் தேர்தலில் பதவி இழந்தார்கள், 2025இல் சட்டம் நிறைவேறியது. ஆனால் உண்மையான மரபுவாதி யார் என்று என்னைக் கேட்டால், ஊர்ப் பள்ளியைக் காக்க நின்ற அந்த 21 பேரைத்தான் காட்டுவேன்.

தேர்வுரிமை என்ற சொல்லுக்கு ஓர் அசிங்கமான பழைய கணக்கும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரம், கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைப்பதைவிட அரசுப் பள்ளிகளை மூடிவிடலாம் என்று 1959இல் மூடியது. வெள்ளைப் பிள்ளைகள் உதவித்தொகையோடு தனியார் பள்ளிக்குப் போனார்கள். கறுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு 1964 வரை பள்ளியே இல்லை. கட்டுரையில் ஃபிரீட்மனை மேற்கோள் காட்டினால் இதையும் ஒரு வரி எழுதுங்கள்.

வவுச்சரால் பலன் கிடைத்ததா என்றால், கலவைதான். வாஷிங்டன் நகரத் திட்டத்தில் தேர்வு மதிப்பெண் குறிப்பிடும்படி உயரவில்லை, ஆனால் உயர்நிலைப்பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் கூடினார்கள். லூசியானாவில் ஆரம்ப ஆண்டுகளில் கணித மதிப்பெண் சரிந்தது. 2022இல் அரிசோனா வருமான வரம்பே இல்லாமல் எல்லாருக்கும் திறந்துவிட்டபோது, முதலில் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அரசுப் பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளைகள். மோசமான பள்ளியிலிருந்து ஏழைப் பிள்ளையை மீட்பது என்ற வில்லியம்ஸின் வாதம் அங்கே எங்கே போயிற்று என்று கேட்கலாம். லிபர்டேரியன் தயங்காமல் பதில் சொல்வார்: அது எங்கள் வாதமே இல்லை, எல்லாருக்கும் உரிமை என்பதுதான் எங்கள் வாதம்.

சரி, நம் ஊர்.

மேலோட்டமாகப் பார்த்தால் லிபர்டேரியனுக்கு இங்கே வேலையே இல்லை. 2003 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்க விரும்பினால் கல்வி அமைச்சிடம் விலக்குக் கேட்க வேண்டும். அப்புறமும் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதியாக வேண்டும், பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண் வரிசையில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிய அளவாவது எடுத்தாக வேண்டும். அந்தச் சட்டம் வந்த காலத்தில்தான் நம் ஊரில் ஒரு சுத்தமான மரபுவாத விவாதம் நடந்தது. மதரசாக்கள் என்ன ஆகும் என்று முஸ்லிம் சமூகம் கவலைப்பட்டது. முடிவில் ஆறு மதரசாக்களுக்கும் விலக்கு கிடைத்தது, பதிலுக்கு 2008 முதல் பிஎஸ்எல்இ தேர்வில் ஒரு குறைந்தபட்சத் தரத்தை எட்ட வேண்டும் என்றானது. 1925 ஒரிகன் தீர்ப்பையும் ஃபிரீட்மனின் சுகாதார அதிகாரியையும் சேர்த்துத் தைத்தது போன்ற சமரசம் அது. யாரும் இரண்டையும் மேற்கோள் காட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் தேர்ந்தெடுப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. தொடக்கநிலை ஒன்று பதிவு நடக்கும் மாதங்களில் எந்தக் காப்பிக் கடையிலாவது உட்கார்ந்து பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் வீடு, இல்லையென்றால் இரண்டு கிலோமீட்டருக்குள், அந்த முகவரியில் குறைந்தது 30 மாதம் குடியிருக்க வேண்டும். அப்பாவோ அம்மாவோ பழைய மாணவரா? முந்தைய ஆண்டே பெயர் கொடுத்து 40 மணி நேரம் தொண்டூழியம் செய்தீர்களா? இடம் பற்றவில்லையென்றால் குலுக்கல். இதில் பழைய மாணவர் முன்னுரிமையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மரபுவாதிக்கு அது ஒரு பள்ளியைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கும் பாசம். லிபர்டேரியனுக்கு, உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொள்வது. ஒரே விதி, இரண்டு கண். அமைச்சு நடுவில் நிற்கிறது. 2022 முதல் தொடர்பே இல்லாத குடும்பங்களுக்கான கட்டத்தில் பள்ளிக்கு 40 இடம் ஒதுக்குகிறது.

கட்டணம் பெயருக்குத்தான். உண்மையான விலை, பள்ளிக்குப் பக்கத்து வீட்டின் விலையில் ஒளிந்திருக்கிறது. அப்புறம் துணைப்பாடம், அதாவது டியூஷன். 2023 கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் அதற்கு ஓர் ஆண்டில் செலவிட்டது 1.8 பில்லியன் வெள்ளி, 2018இல் 1.4 பில்லியன். மானியமில்லை, வட்டாரக் கட்டுப்பாடில்லை, பிடிக்கவில்லையென்றால் அடுத்த மாதமே வேறு நிலையத்துக்கு மாறலாம். லிபர்டேரியன் கனவு கண்ட சந்தை கிட்டத்தட்ட இதுதான். அது எதைப் போட்டிபோட்டு விற்கிறது என்று பார்த்தால், அரசு வைக்கும் தேர்வுக்கான பயிற்சியை. சந்தை இருந்தால் வகைவகையாகக் கல்வி மலரும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல மருந்து: முடிவில் ஒரே தேர்வுதான் என்றால் ஆயிரம் கடை இருந்தாலும் ஒரே சரக்குத்தான்.

தமிழ்ப் பள்ளிகளுக்கு வருகிறேன். 1956இல் அனைத்துக் கட்சிக் குழு அறிக்கை, ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என்ற நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தப் பரிந்துரைத்தது. எந்த மொழிப் பள்ளி என்பதைப் பெற்றோர் முடிவு செய்தார்கள். தமிழர்களுக்கு உயர்நிலை வரை தமிழிலேயே படிக்க உமறுப் புலவர் பள்ளி இருந்தது, கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கியது. அரசுப் பள்ளி அல்ல, ஒரு சமூகம் தன் கையை ஊன்றி எழுப்பிய பள்ளி. மரபுவாதியும் லிபர்டேரியனும் சேர்ந்து கைதட்ட வேண்டிய ஏற்பாடு. 1982இல் அது மூடப்பட்டது. யாரும் வந்து பூட்டுப் போட வேண்டியிருக்கவில்லை, பிள்ளைகள் வரவில்லை.

என் வீட்டிலேயே இது நடந்தது. அக்கா 1962இல் தமிழ்ப் பள்ளியில் சேர்ந்தார், நான் 1967இல் ஆங்கிலப் பள்ளியில். இரண்டையும் முடிவு செய்தவர் துறைமுகத்தில் வேலை பார்த்த அதே அப்பா. நடுவில் அவர் தமிழை வெறுக்கத் தொடங்கவில்லை. தமிழ் முரசை உரக்க வாசித்துக் காட்டுகிற மனிதர். தமிழ்ப் பள்ளியில் முடித்த பக்கத்து வீட்டுப் பையன் வேலைக்கு அலைவதைப் பார்த்தார், அவ்வளவுதான். அக்காவும் பிறகு அலைந்தார். அப்பா செய்தது தப்பு என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

லிபர்டேரியன் சொல்வார்: தன் பிள்ளைக்கு எது நல்லது என்று அறிந்த ஒருவர் தானே முடிவெடுத்தார், இதில் என்ன குறை? குறை இருக்கிறது, அவருடைய கணக்கிலேயே. அரசாங்க அலுவலகம், பல்கலைக்கழகம், நல்ல சம்பளம் எல்லாம் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தபோது, தராசின் ஒரு தட்டில் ஏற்கெனவே கல் வைத்தாயிற்று. பெற்றோர் சுதந்திரமாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள், விலையை மட்டும் வேறு யாரோ எழுதியிருந்தார்கள். மரபுவாதி வேறொன்றைச் சொல்வார்: ஆயிரம் அப்பாக்கள், ஆயிரம் நியாயமான முடிவுகள், அவற்றில் ஒன்றுகூடத் தமிழ்ப் பள்ளி அழிய வேண்டும் என்று எடுத்த முடிவல்ல, ஆனால் பள்ளி போய்விட்டது. ஒரு பள்ளி இருப்பதா வேண்டாமா என்ற கேள்வி எந்த அப்பாவின் முன்னாலும் வைக்கப்படவே இல்லை. என் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்ற கேள்விதான் வைக்கப்பட்டது. இந்த இடத்தில் மரபுவாதியின் வாதம்தான் ஆழமானது என்பது என் கருத்து.

ஆனால் அவரும் ஒரு சங்கடத்தைச் சந்திக்க வேண்டும். அதன்பிறகு இங்கே பள்ளிகளில் தமிழைத் தாங்கிப் பிடித்தது குடும்பமும் கோயிலும் மட்டுமல்ல, கட்டாயமும்தான். தாய்மொழிப் பாடம் விருப்பப் பாடமாக இருந்திருந்தால் எத்தனை வீடுகளில் தமிழ் எடுத்திருப்பார்கள்? 2020 கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. அமெரிக்க மரபுவாதிகள் பலருக்கு அரசு என்றாலே பிள்ளையைப் பறிக்க வரும் கை. சிங்கப்பூர்த் தமிழ் மரபுவாதிக்கோ, பிள்ளையின் வாயில் தமிழை வைத்திருப்பதே அந்தக் கைதான். இதற்கு மாற்று வழியும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருது ஆகிய ஐந்து மொழிகளையும் தாய்மொழிப் பாடமாக எடுக்க 1980களின் இறுதியில் வழி திறந்தபோது, வகுப்புகளை நடத்தும் பொறுப்பை அந்தந்தச் சமூகங்களே ஏற்றன. பிள்ளைகள் வார இறுதியில் போய்ப் படிக்கிறார்கள். லிபர்டேரியன் தேடுகிற மாதிரிக்கு மிக அருகில் வருவது அது. அங்கேயும் பாடத்தின் மதிப்பு தேசியத் தேர்வில் எண்ணப்படுவதால்தான் என்பதை அவரிடம் மெதுவாக நினைவூட்ட வேண்டும்.

ஆகவே 'சிங்கப்பூரில் இதற்கு இடம் உண்டா' என்ற உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். வவுச்சர் வருமா வராதா என்று எழுதினால் கட்டுரை இரண்டு பத்தியில் தீர்ந்துவிடும், இங்கே அதற்குத் தேவையே எழவில்லை. பிள்ளைகளின் பெயரில் அரசு வைத்திருக்கும் எடுசேவ் கணக்கில் பணம் போடுகிறார்கள், 2014 முதல் மதரசா பிள்ளைகளுக்கும் வீட்டில் படிப்பவர்களுக்கும் சேர்த்து. ஆனால் அது கூடுதல் வகுப்புகள், நடவடிக்கைகள் போன்ற செலவுக்குத்தான், பள்ளியையே மாற்றும் அளவுக்கு அல்ல. சிறுபான்மைக்குத் தேர்வுரிமை என்றால் என்ன பொருள் என்று எழுதிப் பாருங்கள். சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள் 1979 முதல் இருக்கின்றன, நல்ல பள்ளிகள், தாய்மொழியாகச் சீனம் மட்டும். காகிதத்தில் அவை தமிழ்ப் பிள்ளைக்கும் திறந்தவைதான்.

போன ஆண்டு அக்காவின் பேத்தி பிஎஸ்எல்இ முடித்து, உயர்நிலைக்கு ஆறு பள்ளிகளை வரிசைப்படுத்த உட்கார்ந்தாள். மருமகன் மடிக்கணினியில் பழைய சேர்க்கைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், பேத்திக்கு வலைப்பந்து இருக்க வேண்டும், மகளுக்கு எம்ஆர்டி பக்கத்தில் இருக்க வேண்டும். அக்கா ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்: "அங்க தமிழ் வாத்தியார் இருக்காங்களா?" முதல் இரண்டு பள்ளிகளில் இல்லை. மாலையில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்குப் போய்ப் படிக்கலாம் என்றார் மருமகன். தான் படித்த பள்ளியின் பெயரைக் கேட்டதும் அக்கா அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. பேத்திக்கு இரண்டாவதாகப் போட்ட பள்ளி கிடைத்தது. வாரத்தில் இரண்டு நாள் பள்ளி முடிந்ததும் பீட்டி ரோட்டுக்கு ரயில் ஏறுகிறாள்.